ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

பெரியம்மாவுக்கு 78 வயது. உடுமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா இல்லை, பிள்ளைகளும் இல்லை. போன கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கோவையில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். வாக்கர் பிடித்து நடக்கிறார். சுகர் உண்டு. புத்தி நல்ல தெளிவு. வந்த வாரமே எங்கள் பால் கணக்கில் இருந்த தப்பைக் கண்டுபிடித்தார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டும், கூடப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்ற கேள்விதான் எங்களை நாலு மாதம் அலைய வைத்தது.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பது ஒன்று. வடவள்ளி தாண்டி மருதமலைப் பக்கம் வரிசையாக முளைத்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகளில் ஒன்றில் வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஊருக்குள் ஒரு பெரிய பங்களாவை மாற்றி நடத்தும் பராமரிப்பு மையம். நான்காவது, சிஸ்டர்கள், அதாவது கன்னியாஸ்திரீகள், நடத்தும் பழைய இல்லம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்தது அந்தந்த இடத்தில் சில நாள்களை மட்டும்தான்.

இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிற சித்தி மகனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “ரேட்டிங் என்னண்ணா?” அங்கே பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒரு அரசு அமைப்பு ஒவ்வொரு இல்லத்தையும் ஆய்வு செய்து, மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நான்கில் ஒன்றைக் கொடுக்கிறது. அதை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பா, பலன் தருகிறதா, பரிவோடு இருக்கிறார்களா, தேவையைக் கேட்டுச் செய்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறார்களாம். நம்மூரில் அப்படி அரசு ஒட்டும் சீட்டு எதுவும் கிடையாது. மாவட்ட சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பதிவு இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். ஆனால் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது.

சட்டத்தையும் கொஞ்சம் புரட்டினேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைத்து, குறைந்தது 150 பேரைத் தங்கவைக்கலாம் என்று மாநில அரசுக்குச் சொல்கிறது. அது வசதியற்றவர்களுக்கு. பென்ஷன் வாங்கிக்கொண்டு, பணம் கட்டித் தங்கப் போகிற பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு, அவர்கள் தங்கும் இல்லத்தில் என்ன தரம் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் தேடினால் கைக்கு அதிகம் ஒன்றும் கிடைக்காது. எல்லாப் பராமரிப்பு இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறுவதற்குள் அந்த மக்களவையின் காலமே முடிந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்று பட்ட இடம் வேறு. பிள்ளை இல்லாத மூத்தவரின் சொத்து யாருக்கு வரப்போகிறதோ, அந்த வாரிசிடம் அவர் ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது அதே சட்டம். உடுமலை வீடு எங்களுக்குத்தான் வரும் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். சரி, கடமை என்று மனசு சொன்னதைச் சட்டமும் சொல்லிவிட்டது.

வீட்டிலேயே ஆள் வைப்பதைத்தான் முதலில் செய்து பார்த்தோம். ஏஜென்சி மூலம் 24 மணி நேர அட்டெண்டர், மாதம் 26,000, சாப்பாடு நம்முடையது. மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். இரண்டாவதாக வந்த பெண் அருமை. பெரியம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தே வீக்கம் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவாள். அவள் தங்கைக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மூன்றாவது ஆளுக்கு ராத்திரி கூப்பிட்டால் காது கேட்காது, ஏனென்றால் காதில் ஹெட்ஃபோன். ஆனால் ஏஜென்சிக்காரர்களையோ அந்தப் பெண்களையோ மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரே ஆள் பகலும் இரவும் முழித்திருக்க முடியாது. 24 மணி நேரம் என்று பில்லில் எழுதலாம், உடம்பு ஒத்துக்கொள்ளுமா? முறையாகச் செய்வதானால் 12 மணி நேரத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். செலவும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும்.

வீட்டுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், தேவைப்படுபவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் உண்டு. எங்கள் தெருவுக்கு வருகிற பெண் வாசலில் நின்றே பெரியம்மாவின் பிரஷரைப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் நானோ என் மனைவியோ பகலில் இருந்திருந்தால் இந்த வழியையே பிடித்துக்கொண்டிருப்போம். நாங்கள் இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழாகிவிடும். அந்த நேரமெல்லாம் பெரியம்மா டிவியோடும், போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு அந்நியரோடும். “ஸ்கூல்ல ஐந்நூறு புள்ளைகளோட இருந்தவளுக்கு இதான் கண்ணு ஜெயில்” என்றார் ஒருநாள். கோபமில்லாமல்தான் சொன்னார்.

மூத்தோர் குடியிருப்பு பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். மலை தெரிகிறது, நடைபாதை, கோவில், நூலகம், பொதுச் சாப்பாட்டுக் கூடம். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, வாசற்படியே இல்லாத கதவுகள். 65 வயதில் கணவனும் மனைவியுமாக, கார் ஓட்டிக்கொண்டு போய்ச் சேருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அங்கே விற்பது வீட்டை. வாடகை, பராமரிப்புக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 பக்கம் சொன்னார்கள். ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டுமென்றால்? “அதுக்கு நீங்க தனியா அட்டெண்டர் வெச்சுக்கணுங்க சார். ஏஜென்சி நம்பர் நாங்களே தர்றோம்.” அவர் எழுதிக் கொடுத்த நம்பர் எங்கள் ஏஜென்சியுடையதுதான்.

கட்டிலருகே அவசர பட்டன் இருந்தது. அமுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு அமுக்கினேன். நான்கு நிமிடத்தில் ஆள் வந்தார். வந்தவர் காவலாளி. நல்ல மனிதர், பதறிப்போய் ஓடி வந்தார். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் ஒருவரை எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இருக்கிறது என்று விளம்பரப் புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ரெரா பார்ப்பது கட்டடத்தையும் ஒப்பந்தத்தையும். பராமரிப்பை அது பார்ப்பதில்லை. ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் கொண்டுவந்தது ஒரு மாதிரி வழிகாட்டுதல். அதிலிருந்து கைப்பிடிக் கம்பி, லிஃப்ட், மின்சார வசதி பற்றியெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, உண்மையான போட்டி பங்களா மையத்துக்கும் சிஸ்டர்களின் இல்லத்துக்கும் நடுவில்தான்.

பங்களா மையத்துக்கு முதல் தடவை நேரம் கேட்டுக்கொண்டு போனோம். வரவேற்பறையில் ஏசி, பூச்செடி. நர்ஸ் உண்டு, தினம் ஃபிசியோ, வாரம் இருமுறை டாக்டர். நடக்கிறவர்களுக்கு 32,000, படுக்கையில் இருப்பவர்களுக்கு 42,000. டயபர், மருந்து, ஆம்புலன்ஸ் தனி. முன்பணம் ஒரு லட்சம். முன் ஹாலில் நான்கைந்து பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பிடித்துப்போனது. காரில் ஏறும்போது பெரியம்மா கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேரம் ஆடறவங்களக் காட்டுனாங்க. ஆட முடியாதவங்க எங்க கண்ணு இருக்காங்க?”

தலைமை ஆசிரியை இல்லையா. பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் எந்தப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நாங்கள் பார்க்கும் விதமே மாறியது. இன்றைக்குப் பெரியம்மா நடக்கிறார். மூன்று வருடம் கழித்து? ஓர் இல்லத்தில் சேர்ப்பது என்பது, அங்கே மிக மோசமான நிலையில் இருக்கிறவரின் கட்டிலுக்கு முன்பதிவு செய்வது மாதிரி. எனவே அந்தக் கட்டிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல், பகல் பதினொரு மணிக்குப் போனேன். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு மாடிக்கு அனுப்பினார்கள். முதலில் மூக்கில் ஏறியது ஃபினாயில். மூத்திர வாடை கொஞ்சம் இருந்தால்கூட எனக்குத் தப்பாகத் தோன்றியிருக்காது. கண்ணில் நீர் வருகிற அளவுக்கு ஃபினாயில் அடித்தால்தான், அது எதை மறைக்கிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஒன்பது கட்டில். நான்கில் காற்று மெத்தை போட்டிருந்தார்கள், நல்ல விஷயம். படுக்கைப்புண் வராமல் இருக்க, மாறி மாறிக் காற்றேறி இறங்கும் மெத்தை அது. அதன் மோட்டார் ஓடினால் மெல்லிய உறுமல் கேட்கும். நான்கு மோட்டார் ஓடுகிற சத்தம் அறையில் இல்லை. குனிந்து பார்த்தேன், இரண்டின் பிளக் சுவரில் சொருகப்படவே இல்லை.

சுவரில் ஓர் அட்டவணை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம் என்று டிக் போடும் தாள். மணி பதினொன்றே கால். தாளில் மதியம் இரண்டு மணி வரைக்கும் டிக் விழுந்திருந்தது.

பெண்கள் ஆறு பேருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. “பேன் வந்துருதுங்க, சீவி விடவும் நேரமில்ல” என்றார் ஆயா. அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தனியாகக் கேட்டேன். “நானும் இன்னொரு அக்காவுந்தானுங்க. மேல கீழ சேத்து இருபத்தி ரெண்டு பேருக்கு.” கீழே மேனேஜர் சொன்ன கணக்கு ஆறு பேருக்கு ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை, பகல் கணக்கைச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையைக் கேட்கும்போது ராத்திரிக்கு எத்தனை, ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை, தீபாவளிக்கு எத்தனை என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் உறுத்தியது. பகல் பதினொரு மணிக்கு ஒன்பது பேரில் ஏழு பேர் ஆழ்ந்த தூக்கம். வயதானவர்கள் பகலில் கண்ணயர்வது சகஜம்தான். ஆனால் ஒரே நேரத்தில் ஏழு பேர் என்றால், ராத்திரி என்ன மாத்திரை தருகிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டேன். டாக்டர் எழுதியதைத் தருகிறோம் என்றார்கள். மருந்துத் தாளைக் காட்டவில்லை. மற்றவர்களுடைய தாளை எனக்குக் காட்ட முடியாது என்பது நியாயம். பெரியம்மா சேர்ந்தால் அவருடைய தாளை நான் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா, புதிதாகத் தூக்க மாத்திரை சேர்த்தால் எனக்குச் சொல்வீர்களா என்றதற்கும் தெளிவான பதில் இல்லை.

சிஸ்டர்களின் இல்லம் ஊருக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். ஓட்டுக் கட்டடம், நடுவில் வேப்பமரம். தனி அறை கிடையாது. ஆறு பேருக்கு ஒரு கூடம், கட்டிலுக்குக் கட்டில் திரை. ஏசி இல்லை. மாதம் 14,000. டாக்டர் வாரம் ஒருநாள்தான், பெரிய ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர். தாளில் எழுதி ஒப்பிட்டால், பணத்தைத் தவிர மற்ற எல்லா வரியிலும் பங்களா மையம் ஜெயிக்கும்.

இங்கே முதல் தடவையே காலை ஆறரைக்குப் போய் நின்றேன். கேட்டைத் திறந்த சிஸ்டர் ஏன் இந்த நேரத்தில் என்று கேட்கவில்லை. டீ குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டார். படுக்கையில் இருப்பவர்களின் கூடம் பின்னால் ஒளிந்திருக்கவில்லை, சமையலறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. “அங்கதான எல்லாரும் போயிட்டு வந்துட்டு இருப்போம், தனியா மாடில போட்டா யாரு பாக்கறது” என்றார். பதினோரு பேர். ஒரு பாட்டிக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். பேச்சில்லை. வெள்ளை முடியை எண்ணெய் வைத்துச் சீவி, சின்னதாகப் பின்னியிருந்தார்கள். குதிகால் மெத்தையில் பட்டுப் புண்ணாகாமல் இருக்கக் கணுக்காலுக்குக் கீழே தலையணை. காற்று மெத்தை இரண்டே இரண்டுதான், இரண்டும் உறுமிக்கொண்டிருந்தன. தண்ணீர் டம்ளர் அவரவர் கைக்கு எட்டும் இடத்தில். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி போட்டிருந்தார்கள். சின்ன விஷயம் என்று தோன்றலாம். மூத்தவர்களின் கண்ணாடியும் பல்செட்டும் காது மெஷினும் டப்பாவில் பூட்டிக் கிடந்தால், அந்த இடத்தில் அவர்களோடு யாரும் பேசுவதில்லை என்றுதான் அர்த்தம்.

ராத்திரி இரண்டு சிஸ்டர்கள், மூன்று ஆயாக்கள். மொத்தம் முப்பத்தெட்டு பேர். பங்களாவைவிடக் கொஞ்சம் மேல், ஆனாலும் பிரமாதமான கணக்கில்லை. ஆனால் ஆயாக்களில் ஒருவர் அங்கே பத்தொன்பது வருடமாக இருக்கிறார். எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு நான்கு பேர். இந்த ஒரு எண்ணைத்தான் நான் எந்த ரேட்டிங்கையும்விட நம்புவேன். வேலை செய்கிறவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள், மேனேஜரிடம் கேட்காமல் அவர்களிடமே கேளுங்கள்.

குறையும் நிறைய. பாத்ரூம் கூடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, நடுவில் ஒரு சிறு படி. விடிகாலைப் பிரார்த்தனை எல்லாரையும் எழுப்பிவிடும். பெரியம்மா பழனி முருகன் பக்தை, அதைப் பற்றி நேராகவே கேட்டோம். கட்டிலருகே முக்காலியில் படம் வைத்துக்கொள்ளலாம், யாரையும் சர்ச்சுக்கு வா என்று கூப்பிடுவதில்லை என்றார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவின் முக்காலியில் மேல்மருவத்தூர் அம்மன் படம் இருந்ததால் நம்பினோம்.

பெரிய சிக்கல் சேர்க்கை விதி. நடக்க முடிந்தவர்களை மட்டும்தான் புதிதாகச் சேர்ப்பார்கள். சேர்ந்த பிறகு படுக்கையாகிவிட்டால்? “கடைசி வரைக்கும் இங்கதான்” என்றார் சிஸ்டர். பங்களாவின் ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். பதினோராவது பக்கத்தில், நிலைமை மோசமாகி ‘மையத்தின் வசதிக்கு மீறினால்’ ஏழு நாளில் குடும்பம் அழைத்துப்போக வேண்டும் என்றிருந்தது. வசதிக்கு மீறுவது எது என்று முடிவு செய்வது யார் என்பது எழுதியிருக்கவில்லை. நம் ஊரில் இந்த நிபந்தனை பல இல்லங்களில் உண்டு, பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்க்கிறார்கள். சிஸ்டர் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டோம். வருத்தப்படாமல் சேர்க்கைப் படிவத்தின் அடியில் கையால் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

முடிவைப் பெரியம்மாதான் எடுத்தார். இரண்டு இடத்திலும் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தார். பங்களாவில் சாப்பாடு நன்றாக இருந்ததாம். இல்லத்தில் சாம்பார் தண்ணியாம். “ஆனா அங்க எம்பேரு என்னன்னு கேட்டாங்க. பங்களால ரூம் நம்பர் கேட்டாங்க.” என் மனைவிக்கு இன்னும் பங்களாதான் சரி என்று ஒரு எண்ணம், ஃபிசியோ விஷயத்தில் அவள் சொல்வது நியாயமும்கூட. அறுவை முடிந்த முதல் ஆறு மாதம் தினப் பயிற்சி முக்கியம். அதனால் இல்லத்துக்கே வாரம் மூன்று நாள் ஃபிசியோ வர ஏற்பாடு செய்தோம், அது எங்கள் செலவு. அதையும் சேர்த்தால் மாதம் 20,000 ஆகிறது. நடுவில் இருந்த அந்தப் படியைச் சாய்தளமாக மாற்றும் செலவையும் நாங்களே கொடுத்தோம். கொத்தனார் ஒரே நாளில் முடித்தார். இப்போது கூடத்தில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் அதில்தான் போகிறார்கள்.

சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை, வேறு வேறு நேரத்தில் போகிறேன். போனதும் குதிகாலையும் நகத்தையும் பார்ப்பேன், மாதம் ஒருமுறை எடை. ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறார்.

ஒரே ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. அங்கே இரவுச் சாப்பாடு ஆறரை மணிக்கு, காலைச் சாப்பாடு எட்டுக்கு. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்குப் பதின்மூன்றரை மணி நேர இடைவெளி ஆகாது. விடிகாலையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், பாத்ரூம் போகும் வழியில் விழுந்தால் மறுபடியும் இடுப்பு. ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். போன வாரம் மூன்று நாள் வரவில்லை என்று பெரியம்மா தேதியோடு டைரியில் குறித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் அந்த டைரியோடு சிஸ்டரிடம் உட்கார வேண்டும்.